மைசூர்ப் பருப்பு விளையும் ஊர்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நலம். அங்கும் எல்லோரும் சுகமென்று நம்புகிறேன். இங்கே கமம் எப்படி, ஊர் எதை வைத்துப் பிழைக்கிறது என்று கேட்டிருந்தீர்கள்.

இது கனடாவின் சஸ்கச்சுவான் மாகாணத்தில், ரோஸ்டவுனுக்குப் பக்கத்துச் சிற்றூர். காணியைக் குவாட்டர் கணக்கில்தான் பேசுவார்கள். ஒரு குவாட்டர் 160 ஏக்கர், எங்கள் யாழ்ப்பாணக் கணக்கில் 2,560 பரப்பு. பத்துக் குவாட்டராவது இல்லாமல் ஒரு குடும்பம் தாக்குப்பிடிப்பது கஷ்டம்.

கனடாவில் விளையும் மைசூர்ப் பருப்பில் பெரும்பகுதி இந்த மாகாணத்தில்தான். மே முற்பாதியில் விதைப்பார்கள். காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும் ரைசோபியம் என்ற பக்டீரியாவை விதையோடு கலப்பதால் யூரியா வேண்டியதில்லை. விதைத்த கையோடு கனத்த உருளையை ஓட்டிக் கல்லையெல்லாம் மண்ணுக்குள் அழுத்திவிட வேண்டும். காய் தரையோடு கிடப்பதால் வெட்டும் கத்தியும் தரையை ஒட்டியே போகும். ஒரு கல் போதும், கத்தி போய்விடும். முளைத்தபின் உறைபனியில் நுனி கருகினாலும் பயமில்லை, மண்ணுக்குள் இருக்கும் கணுவிலிருந்து மறுபடி தளிர்க்கும். நீர் தேங்கினால்தான் ஆபத்து. அபனோமைசிஸ் என்ற வேரழுகல் கண்ட காணியில் ஆறிலிருந்து எட்டு வருடத்துக்குப் பருப்போ பட்டாணியோ போடக்கூடாது. கோதுமை, கனோலா என்ற எண்ணெய்விதை என்று மாற்றிப் போடுவார்கள்.

அறுவடை ஆகஸ்டில். மணியில் ஈரம் 13 வீதத்துக்குக் கிட்ட இருக்க வேண்டும். அதிகம் காய்ந்தாலோ, கடுங்குளிரில் ஏற்றி இறக்கினாலோ மணி உடையும், தோல் கழலும், விலை விழும்.

இவ்வளவு விளைந்தும் ஊர் சிறுத்துப்போனதற்குக் காரணம் போக்குவரத்து. முன்பு தண்டவாளத்தோரம் எட்டுப் பத்து மைலுக்கொன்றாக மரத்தால் கட்டிய தானியக் களஞ்சியங்கள் நின்றன. குதிரைவண்டி ஒரே நாளில் போய்த் திரும்பும் தூரம் அது. கடை, தபாற்கந்தோர், பள்ளிக்கூடம் எல்லாம் அவற்றைச் சுற்றி வந்தவை. 1995இல் தானியம் ஏற்றும் ரயில் கூலிக்கு அரசு கொடுத்த மானியம் நின்றதும், ஏற்கெனவே தள்ளாடிய கிளைப்பாதைகள் வேகமாக மூடப்பட்டன, களஞ்சியங்களை இடித்தார்கள். இப்போது நாற்பது தொன் ஏற்றும் லொறி தூரத்துக் கொங்கிறீட் களஞ்சியத்துக்கு நேரே போகிறது. போனவர்கள் வீட்டுச் சாமானையும் அங்கேயே வாங்கி வருகிறார்கள்.

மிஞ்சியிருப்பது தபாற்கந்தோர், எண்ணெய்ப் பம்பு, எங்கள் சங்கக்கடையைப் போல அங்கத்தவருக்கு இலாபம் பிரிக்கும் கோ-ஆப், ஒரு பனிச்சறுக்கு மண்டபம். வரி விஷயம் இன்னும் விசித்திரம்: சுற்றியுள்ள வயல்களின் வரி நாட்டுப்புறத்துக்கென்று இருக்கும் வேறொரு சபைக்குப் போகிறது, ஊர்ச்சபைக்கு ஊருக்குள் இருக்கும் கட்டடங்களும் வளவுகளும்தான். குடிநீர்க் குழாய் வெடித்தால் மிச்சமிருக்கும் சில வீடுகள் தலையில்தான் செலவு.

தம்பி வர யோசித்தால், வெல்டிங் பழகிக்கொண்டு வரச் சொல்லுங்கள். பெரிய லொறிக்கு முதலாம் வகுப்புச் சாரதி அனுமதிப்பத்திரம் வேண்டும். அதை இங்கே பயிற்சி முடித்துத்தான் எடுக்கலாம்.

அன்புடன்,
உங்கள் பெறாமகன்