அந்தக் குட்டியை ஏன் காப்பாற்றவில்லை என்று கேட்ட அண்ணன் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதுகிறேன். போனில் நீ கோபமாகத்தான் பேசினாய். "கால் முறிந்ததற்காகவா அந்தக் கங்காருக் குட்டியை ஊசி போட்டுக் கொன்றுவிட்டீர்கள்? எங்கள் கல்லூரிக்கு வரும் ஆட்டுக்கும் நாய்க்கும் கட்டுப்போட்டு நடக்க வைத்துவிடுகிறோமே" என்றாய். கால்நடை மருத்துவம் படிக்கிறவள் கேட்க வேண்டிய கேள்விதான். இங்கே ஆஸ்திரேலியாவின் நடுவில், ஆலிஸ் ஸ்பிரிங்ஸில், கங்காருக் காப்பகத்தைப் பார்க்க வருகிறவர்களும் இதையே கேட்கிறார்கள். அதனால் எல்லோரும் படிக்கும்படியே எழுதிவிடுகிறேன்.

நாய் மூன்று காலில் பிழைத்துக்கொள்ளும். கங்காருவால் முடியாது. தரையில் அது பின்னங்கால்களை மாற்றி மாற்றி வைத்து நடப்பதில்லை. இரண்டும் சேர்ந்தே எழும், சேர்ந்தே இறங்கும். ஒவ்வொரு முறை தரையிறங்கும்போதும் கணுக்காலுக்கு மேலுள்ள நீண்ட தசைநாண்கள் வில்நாண்போல் இழுபட்டு, அடுத்த தாவலுக்கான விசையைச் சேமித்துக்கொள்கின்றன. செங்கங்காருகளை ஓடுபொறியில் (டிரெட்மில்) தாவவிட்டு அளந்து 1973-இல் வெளியிட்ட ஆய்வில், வேகம் கூடியபோதும் ஆக்சிஜன் செலவு ஏறக்குறைய கூடவே இல்லை. மெதுவாக மேயும்போது வாலும் காலாகிவிடும். அந்த நடையில் வால் தரும் உந்துவிசை, மற்ற நான்கு கால்களும் சேர்ந்து தருவதற்கு ஈடு என்று 2014-இல் இன்னோர் ஆய்வு சொன்னது. இப்படிப்பட்ட உடம்பில் ஒரு பின்னங்கால் கெட்டால், கெடுவது கால் மட்டுமா?

உன் அறைச் சுவரில் படமாக ரோஜர் என்ற ஆண் கங்காரு இருக்கிறானே, தகர வாளியை நசுக்கிப் பிடித்துக்கொண்டு. அவனும் சாலையோரம் இறந்துகிடந்த தாயின் பையிலிருந்து எடுக்கப்பட்ட குட்டிதான். ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் கங்காருக் காப்பகம் தொடங்கிய, 'பிரோல்கா' என்று எல்லோரும் அழைக்கும் கிறிஸ் பார்ன்ஸ் எடுத்து வளர்த்தார். இரண்டு மீட்டர் உயரம், 89 கிலோ எடை. 2018-இல் பன்னிரண்டு வயதில் இறந்தான். ஆண் கங்காரு சண்டையிடும்போது வாலில் உடம்பைத் தாங்கி, இரண்டு கால்களாலும் உதைக்கும். ஒரு கால் பலவீனமான ரோஜரை உன்னால் நினைத்துப் பார்க்க முடிகிறதா?

நீ கேட்ட குட்டிக்கு இடுப்பு மூட்டை ஒட்டித் தொடையெலும்பு நொறுங்கியிருந்தது. முனை தோலைக் கிழித்து வெளியே வந்து, புண்ணில் செம்மண் ஏறியிருந்தது. ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் இரவில் அடிபட்டிருக்கிறது. விடிந்த பிறகுதான் யாரோ வண்டியை நிறுத்தித் தாயின் பையைப் பார்த்திருக்கிறார்கள். எலும்பைச் சேர்க்கத் தகடு வைத்திருக்கலாமே என்பாய். வைத்தபின் வாரக்கணக்கில் அசையாமல் கிடக்க வேண்டும், கட்டு மாற்ற ஒவ்வொரு முறையும் அழுத்திப் பிடிக்க வேண்டும். கங்காரு அதற்குப் படைக்கப்பட்ட பிராணியில்லை. மிரட்சியிலேயே அதன் தசைகள் சிதையும். சிதைவிலிருந்து கசிவது சிறுநீரகத்தை அடைக்கும். எலும்பு கூடிவரும் முன்பே உயிர் போய்விடக்கூடும். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர் அதிகம் யோசிக்கவில்லை. நானும் மறுத்துப் பேசவில்லை. உயிர் இருக்கிறது என்பதற்காக ஒரு பிராணியை வலியில் வைத்திருப்பதை இரக்கம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எல்லா முறிவுக்கும் இதே தீர்ப்பு என்று எடுத்துக்கொள்ளாதே. இப்போது என் சமையலறைக் கதவின் கைப்பிடியில் ஒரு துணிப்பை தொங்குகிறது. அதற்குள் இருக்கும் பெண்குட்டிக்கு முன்னங்கையில் முறிவு. தோல் கிழியவில்லை, எலும்பு விலகவில்லை. சின்னக் கட்டுதான். பையின் இருட்டே அவளுக்குப் பாதி மருந்து. பழைய தலையணை உறை உள்ளே, கம்பளிப் பை வெளியே. மென்மயிர் வந்துவிட்டதால் 28 டிகிரி வெப்பம் போதும். மயிர் முளைக்காத குட்டி என்றால் 32 வேண்டும். பால் குடித்த பிறகு ஈரத் துணியால் அடியைத் தடவிவிட்டால்தான் சிறுநீர் கழிப்பாள். தாய் நாக்கால் செய்யும் வேலை அது.

பசும்பால் கூடாது. அதிலுள்ள லாக்டோஸ் கழிச்சலைத் தரும், கண்புரையும் வரலாம். தாயின் பாலே வளர வளர மாறிக்கொண்டே போகும். பையில் சிறிய குட்டியும் வெளியே பெரிய குட்டியும் இருந்தால், ஒரே தாய் ஒரு காம்பில் ஒருவிதமும் மறுகாம்பில் வேறுவிதமுமாகப் பால் சுரப்பாள். அதனால்தான் கடையில் வாங்கும் பால்மாவும் பருவத்துக்கு ஒன்றாக வருகிறது. தவறான பருவத்து மாவைக் கலந்துவிட்டு, நிறையக் கொஞ்சி என்ன பயன்? இணையத்தில் நீ பார்க்கும் அணைப்புக் காட்சிகளில் இதெல்லாம் இருப்பதில்லை.

டிசம்பரில் வர வேண்டும் என்கிறாய். வா. ஆனால் உரிமம் உள்ளவர்களின் மேற்பார்வையில்தான் குட்டிகளைத் தொடலாம். முதலில் பை துவைக்கும் வேலைதான் கிடைக்கும். அடிக்கடி தூக்கிப் பார்ப்பதும் வீட்டு நாயிடம் காட்டுவதும் நடக்காது. நாய்க்குப் பயப்படாமல் வளரும் கங்காரு வெளியே விட்டால் எத்தனை நாள் தாங்கும்?

இன்னொன்று. ஆட்டுக்குட்டிக்கு நீங்கள் மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவதை எங்கள் டாக்டரிடம் சொன்னேன். தோலில் உராயாமல் உள்ளே என்ன வைக்கிறீர்கள், எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுகிறீர்கள் என்று கேட்கிறார். படத்தோடு எழுதி அனுப்பு. துணிப்பையில் இருப்பவளின் கைக்கட்டை அடுத்த வாரம் மாற்ற வேண்டும்.

அன்புடன்,
அத்தை