ஜப்பானில் ஹமாமாட்சுவில் இருக்கும் மகனுக்கு

மயிலாடுதுறை,
ஞாயிறு மாலை.

அன்புள்ள தம்பி,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அப்பாவுக்குச் சளி விட்டுவிட்டது. அக்கா பிள்ளைகளோடு வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாள். போனில் பேசினால் அந்த மூன்றரை மணி நேர வித்தியாசம் நம் நடுவே வந்து நிற்கிறது. எனக்கு வேலை ஓய்ந்து பேச்சு வரும் நேரத்தில் உனக்குக் கண் சொருகுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். நேரம் கிடைக்கும்போது படி.

நீ விட்டுவிட்டுப் போன ஹெட்போன் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. மத்தியானம் அப்பா தூங்கியதும் கூடத்தில் உட்கார்ந்து உன் பாட்டுகளைத்தான் கேட்கிறேன். முதலில் உன் ஞாபகத்துக்காகக் கேட்டேன். இப்போது எனக்காகவே கேட்கிறேன். ஹாட்சுனே மிக்குவை, கம்ப்யூட்டரில் நாம் எழுதிக் கொடுப்பதைப் பாடும் அந்த ஜப்பானியப் பெண் குரலை, எனக்குப் பிடித்துப்போய்விட்டது. யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன், உன்னிடம் சொல்லிவிட வேண்டும் போல இருந்தது.

நீ பிளஸ் டூ படித்தபோது உன் அறையிலிருந்து அந்தக் குரல் கேட்கும். 'என்னடா இது, தகரத்தைத் தேய்க்கிற மாதிரி' என்று சொன்னேன். அது தப்பு. நான் காது கொடுத்துக் கேட்கவில்லை. முப்பது வருடம் பாட்டு டீச்சராக இருந்தவள் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அந்தக் குரலுக்கு மூச்சு இல்லை, உண்மைதான். ஆனால் சுருதி அப்படியே நிற்கிறது. இழுக்க வேண்டிய இடத்தில் நடுங்காமல் இழுக்கிறது. சின்னப் பிள்ளைகளிடம்தான் அந்த மாதிரிக் குரலைக் கேட்டிருக்கிறேன், அவர்களுக்குப் பாட்டில் பயம் வருவதற்கு முன்னால்.

அதன் கதையை இப்போதுதான் ஒழுங்காகத் தெரிந்துகொண்டேன். 2007 ஆகஸ்ட் 31 அன்று சப்போரோவில் இருக்கும் கிரிப்டன் என்ற கம்பெனி அவளை வெளியிட்டிருக்கிறது. வயது 16, உயரம் 158 சென்டிமீட்டர் என்று ஜாதகம் மாதிரி எழுதியே கொடுத்திருக்கிறார்கள். உள்ளே இருப்பது ஃபுஜிதா சாகி என்ற டப்பிங் கலைஞரின் குரல். நீ விடிய விடியப் பார்ப்பாயே, அந்த 'அட்டாக் ஆன் டைட்டன்' என்ற ஜப்பானிய அனிமே கார்ட்டூன் தொடர், அதில் யிமிர் என்ற பெண்ணுக்குக் குரல் கொடுத்தவரும் இவர்தான். மிக்குவுக்காக அந்த அம்மா ஒரு பாட்டும் பாடவில்லையாம். அர்த்தமில்லாத ஒலிகளைக் குறித்த சுருதியில் வரிசை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போயிருக்கிறார். அதைத் துண்டு துண்டாக வெட்டி வைத்துக்கொண்டு, வேண்டியபடி ஒட்டிப் பாட வைக்கிறது இயந்திரம்.

இது எப்படிச் சாத்தியம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நீ அலமாரியில் விட்டுப்போன ஜப்பானிய எழுத்துப் புத்தகத்தைப் புரட்டியதும் பாதி புரிந்தது. அ, இ, உ, எ, ஒ. அப்புறம் க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. நம் வரிசையேதான்! நம் நாட்டிலிருந்து பௌத்தத்தோடு போன எழுத்து முறையைப் படித்தவர்கள் வகுத்த வரிசையாம். அநேகமாக ஒவ்வொரு எழுத்தும் உயிர் அல்லது உயிர்மெய். ஒரு சுரத்துக்கு ஓர் எழுத்து வைத்தால் முடிந்தது. முதல் பாடமான சரளி வரிசையை வெறும் 'அ' என்ற அகாரத்தில் பாடச் சொல்லிவிட்டு அப்புறம் சாகித்தியம், அதாவது சொற்கள், போடுவோமே, ஏறத்தாழ அதே வேலை.

2020 ஊரடங்கில் நீ மிக்குவைப் பாட வைத்தபோது நான் பின்னால் நின்று பார்த்தது அப்படியே கண்ணில் நிற்கிறது. கம்ப்யூட்டர் திரையில் இடதுபக்கம் செங்குத்தாக ஒரு பியானோ. வலதுபக்கம் பச்சை பச்சையாகச் சின்னக் கட்டைகள். ஒவ்வொரு கட்டைக்குள்ளும் ஓர் எழுத்து. மோகன ராகத்தில் நான் முணுமுணுத்த நாலு வரியைத்தான் நீ போட்டிருந்தாய். ஜப்பான்காரர்கள் ஏழு சுரத்தில் நாலாவதையும் ஏழாவதையும் விட்டுவிட்டுப் பாடும் ஸ்கேல் ஒன்று உண்டு, அது நம் மோகனம்தான் என்று அன்றைக்கு நீதான் சொன்னாய். பாட விட்டபோது சரியாகத்தான் பாடினாள், ஆனால் படிக்கட்டில் ஏறுகிற மாதிரி இருந்தது. ரிஷபம் ஒரு படி, காந்தாரம் ஒரு படி.

'தம்பி, காந்தாரத்தில் போய்த் தொப்பென்று உட்காரக் கூடாது. கீழேயிருந்து தொட்டுக்கொண்டு ஏறணும்' என்று கையை அசைத்துக் காட்டினேன். நீ என் கையையே பார்த்தாய். அப்புறம் திரைக்குக் கீழே இருந்த கட்டத்தில் மவுஸால் ஒரு கோடு இழுத்தாய். முதல் தடவை அதிகமாகப் போய்விட்டது. 'இவ்வளவு வேண்டாம், பாதி' என்றேன். அழித்துவிட்டு மறுபடி இழுத்தாய். ஏழோ எட்டோ தடவை. கடைசியில் அவள் அந்த ஜாருவை, சுரத்துக்குச் சுரம் வழுக்கி ஏறுவதை, பாடினாள் பார், எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நான் சட்டென்று அடுப்படிக்குப் போனது பால் பொங்குகிறது என்பதற்காக இல்லை.

தைராய்டு ஆபரேஷனுக்கு அப்புறம் என் தார ஸ்தாயி, அதான் மேல் சுரங்கள், போய்விட்டது உனக்குத் தெரியும். கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். பேச்சு வந்துவிட்டது, பாட்டு வரவில்லை. முன்பெல்லாம் 5 கட்டை சுருதியில் தார பஞ்சமத்தைச் சிரமமில்லாமல் பிடிப்பேன். மிக்குவுக்கு எந்த சுரத்திலிருந்து எந்த சுரம் வரை பொருந்தும் என்று அந்தக் கம்பெனி குறித்திருப்பதை எடுத்து, நம் கூடத்து ஆர்மோனியப் பெட்டியில் வைத்துப் பார்த்தேன். 5 கட்டையை ஆதாரமாக வைத்தால் மத்திய ரிஷபத்தில் தொடங்கி தார தைவதம் வரை போகிறது. என்னுடைய பழைய குரலும் கிட்டத்தட்ட அந்த அளவுதான். அன்றைக்கு நீ வரைந்த கோட்டில் நான் கேட்டது அதைத்தான், தம்பி. அதை இத்தனை நாள் உன்னிடம் சொல்லவில்லை.

அங்கே பாட்டு எழுதும் பையன்களும் பெண்களும் எவ்வளவு பேர்! பாட வராதவர்கள், மேடை ஏறக் கூச்சப்படுகிறவர்கள், தன் அறையில் ஒரு கம்ப்யூட்டரோடு இருக்கிறவர்கள். அவர்களுக்கெல்லாம் ஒரே குரல். 2007 டிசம்பரில் ரியோ என்பவர் 'மெல்ட்' என்று ஒரு பாட்டுப் போட்டார் அல்லவா, சாதாரணப் பெண்பிள்ளை மனதில் நினைப்பதை அவள் பாடுகிறாள். அதைக் கேட்டால் பாடுவது இயந்திரம் என்பது மறந்தே போகிறது. ஹாச்சி என்ற பெயரில் மிக்குவுக்குப் பாட்டு எழுதிய பையன்தான் யோனெசு கென்ஷியாம். இப்போது அவரே தன் சொந்தக் குரலில் பாடி நாடே கேட்கிறது. யோஅசோபி என்ற இசைக் குழுவுக்குப் பாட்டு அமைக்கும் அயாசேவும் அந்த வழியாக வந்தவர்தானே. இரவல் குரலில் பாட்டுப் போட்டுப் பழகி மனிதக் குரலுக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். எனக்கு இது ரொம்பப் பெரிய விஷயமாகத் தோன்றுகிறது.

மிக அழகானது என்று நான் நினைப்பதைச் சொல்லவா? தொமிதா இசாவோ என்ற இசையமைப்பாளரின் 'ஈஹாதோவ்' சிம்பொனி. 2012 நவம்பர் 23 அன்று தோக்கியோவில் முதல்முறை வாசித்தபோது அவருக்கு வயது 80. முழு ஆர்க்கெஸ்ட்ரா, பாட்டுக் குழு, தனிக் குரலுக்கு மிக்கு. எழுத்தாளர் மியாசாவா கென்ஜியின் கதைகளை வைத்து எழுதிய இசை. அதில் எனக்குப் பிடித்தது என்ன தெரியுமா? இயந்திரத்தின் தாளத்துக்கு மனிதர்கள் வாசிக்கவில்லை. நடத்துநரின் கையசைவுக்கு ஏற்ப மிக்கு பாடும்படி ஏற்பாடு செய்திருந்தார்கள். பக்கவாத்தியம் பாடகரைப் பின்தொடர வேண்டும், பாடகர் சபையைப் பார்த்துப் பாட வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலித்தவள் நான். 80 வயதில் ஒருவர் புதுக் குரல் ஒன்றைக் கூப்பிட்டு, 'வா, நீயும் இந்தக் கையைப் பார்த்துப் பாடு' என்று நிறுத்தி வைத்ததை நினைத்தால் அவருக்கு ஒரு நமஸ்காரம் செய்யத் தோன்றுகிறது. அவர் 2016இல் போய்விட்டார்.

ஒன்று கேட்க வேண்டும். வொவாக்கா என்பவரின் 'ரோலிங் கேர்ள்'. பிளஸ் டூ அரையாண்டுத் தேர்வு சமயத்தில் உன் அறையில் அதுதான் திரும்பத் திரும்ப ஓடும். வேகமான பாட்டு, பியானோ நன்றாக இருக்கிறது என்று அப்போது நினைத்தேன். போன மாதம்தான் அதன் பொருளைத் தேடிப் படித்தேன். உருண்டு உருண்டு விழுந்து, இன்னொரு தடவை இன்னொரு தடவை என்று சொல்லிக்கொண்டே களைத்துப்போகும் ஒரு பெண். படித்துவிட்டு எனக்குக் கை ஓடவில்லை. எழுதியவர் 2019இல் 31 வயதிலேயே இறந்துவிட்டார் என்றும் தெரிந்தது. தம்பி, அந்த நாட்களில் நீ நன்றாகத்தான் இருந்தாயா? மார்க்கைப் பற்றி மட்டும்தான் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது பதில் சொல்ல வேண்டும் என்றில்லை. சொல்லத் தோன்றினால் சொல், எந்த நேரமானாலும் எழுப்பு.

அனிமே விஷயம். சண்டைத் தொடர்கள் எனக்கு ஒத்துவரவில்லை. ஒரே அடியை மூன்று வாரம் அடிக்கிறார்கள். சமையலும் மழையும் ரயிலும் வருகிற படங்கள் பிடிக்கின்றன. ஜன்னலில் மழைத்துளி இறங்குவதைக்கூட அவசரப்படாமல் வரைந்திருப்பார்கள். 'வயலட் எவர்கார்டன்' மட்டும் மறுபடி முழுவதும் பார்த்தேன். பத்தாவது பகுதியை மூன்று தடவை. நோயில் இருக்கும் அம்மா, ஆன் என்ற ஏழு வயது மகள், வீட்டுக்குக் கடிதம் எழுத வரும் இரும்புக் கை வயலட். எஞ்சியிருக்கும் கொஞ்ச நாளையும் அம்மா யாருக்கோ கடிதம் எழுதியே கழிக்கிறாளே என்று அந்தக் குழந்தைக்குக் கோபம். எழுதியதெல்லாம் அவளுக்குத்தான், அடுத்த 50 வருடம் பிறந்தநாள் தோறும் ஒன்று வருவதற்கு.

ஊரடங்கில் நாம் இருவரும் பார்த்தபோது நான் அந்த அம்மாவுக்காக அழுதேன். இந்த முறை வயலட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மனது என்றால் என்னவென்று தெரியாத பெண், டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்து இன்னொருத்தியின் மனதை எழுதுகிறாள். வாசலைத் தாண்டும்வரை அழக் கூடாது என்று அடக்கிக்கொண்டு, ஆபீசுக்குத் திரும்பிய பிறகு அழுகிறாள். எனக்கு மிக்கு ஞாபகம் வந்தாள். அவளும் இப்படித்தானே, எவரெவர் சொல்ல முடியாததையோ வாங்கிச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். வயலட்டின் கதையை வரைந்த கியோத்தோ அனிமேஷன் கம்பெனியில் 2019 ஜூலையில் தீ வைத்து 36 பேரைக் கொன்றான் ஒருவன். அந்த மழைத்துளிகளை வரைந்த கைகளில் சில அதில் போயிருக்கும். அதற்கப்புறமும் அவர்கள் உட்கார்ந்து அந்தக் கதையின் படத்தை முடித்து 2020இல் வெளியிட்டார்கள். எப்படித்தான் பென்சிலை எடுத்தார்களோ.

சரி, இப்போது உன்னால் எனக்கு ஆக வேண்டிய காரியம். உனக்கு வேலை கிடைத்த ஊர் ஹமாமாட்சு என்றதும் கார் கம்பெனி ஊர் என்றுதான் நினைத்தேன். மிக்குவைப் பாட வைத்த வோகலாய்டு என்ற மென்பொருள் யமஹா உருவாக்கியது, யமஹாவின் தலைமையகம் அங்கேதான் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அந்தக் கம்பெனி தொடங்கிய கதையைப் படித்தாயா? 1887இல் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்து ஆர்கன் ரிப்பேராகி, யமஹா தொராகுசு என்பவர் வந்து சரிசெய்திருக்கிறார். கழற்றிப் பார்த்தவருக்கு நாமே ஒன்று செய்தால் என்ன என்று தோன்றிவிட்டது. செய்ததைக் காவடி மாதிரி மூங்கிலில் கட்டி, கூட்டாளியோடு தோளில் சுமந்து, ஹாக்கோனே மலையைத் தாண்டித் தோக்கியோ வரை கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். சுருதி சரியில்லை என்று சொல்லிவிட்டார்கள். மனம் உடையாமல் அங்கேயே தங்கி, சுருதி சேர்க்கும் முறையைப் படித்துக்கொண்டு திரும்பி வந்து மறுபடி செய்தார். யமஹா முத்திரையில் இருக்கும் மூன்று கம்பிகளும் சுருதி பார்க்கும் இசைக்கவைகள்தான், அப்பா வண்டியில் பார்த்திருப்பாய். அந்த ஆர்கனும் நம் ஆர்மோனியப் பெட்டி மாதிரி ரீடில் காற்றுப் பட்டுப் பேசுகிற ஜாதிதான். தாத்தா காலத்துப் பெட்டியை வீட்டில் வைத்துக்கொண்டு அந்த ஊரில் இருக்கிறாய்.

அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நகராட்சியின் இசைக்கருவி அருங்காட்சியகத்துக்குப் போய் வா, ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரம்தான். யமஹா தலைமையகத்தில் இருக்கும் காட்சிக்கூடத்துக்கு முன்பதிவு செய்ய வேண்டுமாம். பழைய ஆர்கன் இருந்தால் போட்டோ எடுத்து அனுப்பு. பெடல் தெரிகிற மாதிரி எடு.

பார்சலில் தட்டையும் பருப்புப் பொடியும் வைத்திருக்கிறேன். பொடியைத் திறந்ததும் வேறு டப்பாவுக்கு மாற்றிவிடு.

அந்த மோகனத்துக்கு இப்போது இன்னும் நாலு வரி வந்திருக்கிறது. பெட்டியில் வாசித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன், 5 கட்டை, ஆதி தாளம். சாகித்தியம் இன்னும் எழுதவில்லை, இப்போதைக்கு 'ர' மட்டும் போட்டுக்கொள். வேலைக்குப் போனதிலிருந்து நீ அந்த மென்பொருளைத் திறக்கவே இல்லை என்று தெரியும். ஓய்வு கிடைக்கிற அன்று மிக்குவிடம் கொடு. காந்தாரத்துக்கு எப்படி ஏற வேண்டும் என்று உனக்குத்தான் தெரியுமே.

அன்புடன்,
அம்மா