கிடந்தாரா, கிடத்தினீர்களா?

பாளையங்கோட்டை

அன்பு மகள் கயலுக்கு,

நீ கேட்டதற்குப் போனிலேயே விடை சொல்லியிருக்கலாம். இரவுப் பணி முடித்து அரைத் தூக்கத்தில் பேசுகிறவளிடம் 'லை, லே, லெய்ன்' என்று ஒப்பித்தால் அது தாலாட்டாகத்தான் முடியும். அதனால் எழுதுகிறேன், நிதானமாகப் படி.

இங்கிலாந்தின் லீட்ஸ் மருத்துவமனை வார்டில் ஆங்கிலத்தில் குறிப்பு எழுதும்போது இறந்தகால வினை வந்தால் கை நின்றுவிடுகிறது, பள்ளியில் மனப்பாடம் செய்த மூன்று பத்திப் பட்டியலை மறுபடி எடுக்கட்டுமா என்று கேட்டாய். வேண்டாம். அதில் பெரும்பகுதி உனக்குத் தண்ணீர் பட்ட பாடு. 'கோ, வென்ட், கான்' என்பதில் நீ எங்கே தடுமாறப் போகிறாய்? உன்னைப் படுத்துபவை ஒரு கைப்பிடிதான். அவையும் தனியாக வருவதில்லை, சோடி சேர்ந்து வந்து குழப்புகின்றன. சோடியைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

உன்னோடு புதிதாகச் சேர்ந்த பெண் எழுதியதைச் சொன்னாயே, அதிலிருந்தே தொடங்குகிறேன். குளியலறையில் விழுந்த முதியவரைப் பற்றி 'ஹி ஃபெல்ட் டவுன் இன் தி பாத்ரூம்' என்று எழுதியிருக்கிறாள். 'ஃபால்' என்பதன் இறந்தகாலம் 'ஃபெல்'. 'ஃபெல்ட்' என்பது 'ஃபீல்' பெற்ற பிள்ளை. கடைசியில் ஒரு 'ட்' ஒட்டிக்கொண்டதில், விழுந்தவர் மனம் சோர்ந்தவராகிவிட்டார். அடுத்த ஷிஃப்டில் வருகிறவர் அதைப் படித்தால், 'பாவம், ஐயா குளியலறையில் வருத்தமாக இருந்திருக்கிறார்' என்று நினைப்பாரா, தலையில் அடி பட்டிருக்கிறதா என்று பார்ப்பாரா? நம் பிள்ளைகள் இதில் அடிக்கடி விழுவதற்குக் காரணம் உண்டு. இறந்தகாலம் என்றால் முடிவில் ஒரு 'ட்' சத்தம் கேட்க வேண்டும் என்று காது பழகிவிட்டது. 'ஃபெல்' என்று மொட்டையாக விட்டால் ஏதோ குறைவதுபோலத் தோன்றுகிறது.

அடுத்தது எல்லாருக்கும் வேதனை தரும் சோடி, 'லை'யும் (lie) 'லே'யும் (lay). ஆங்கிலேயர்களே இதில் வழுக்குகிறார்கள் என்பதை நீ தினமும் கேட்டிருப்பாய். உனக்கு ஒரு வசதி இருக்கிறது, நீ தமிழ்ப் பெண். 'கிட', 'கிடத்து' என்ற இரண்டையும் நீ எப்போதாவது மாற்றிச் சொன்னதுண்டா? 'லை' என்பது கிடத்தல், தானே கிடப்பது. 'லே' என்பது ஒன்றைக் கிடத்துவது. எதை, யாரை என்று கேட்டால் விடை வரும் இடத்தில் 'லே'. நம் தன்வினை, பிறவினைதான்.

ஆங்கிலத்திலும் இது பழைய ஏற்பாடு. 'சிட்'டிலிருந்து 'செட்', 'லை'யிலிருந்து 'லே', 'ரைஸ்', 'ரெய்ஸ்' எல்லாம் அப்படிப் பிறந்த குடும்பங்கள். அந்த மொழியின் மூதாதை, செய்யவைக்கும் பொருளைக் காட்ட ஒரு விகுதி வைத்திருந்தது. விகுதி தேய்ந்து மறைந்தது. சொல்லுக்குள் உயிரொலி மாறியதுதான் மிச்சம். நமக்கு 'எழு', 'எழுப்பு' என்று அந்த உறுப்பு இன்னும் கண்ணுக்குத் தெரிகிறது. அவர்களுக்குத் தெரியவில்லை, அதனால்தான் தடுமாற்றம்.

கண்ணி எங்கே என்றால், 'லை'யின் இறந்தகாலமும் 'லே' என்றே வருகிறது. நேற்று முழுவதும் அவர் படுக்கையில் கிடந்தார் என்பதற்கு 'ஹி லே இன் பெட் ஆல் டே'. நாங்கள் அவரைப் பக்கவாட்டில் கிடத்தினோம் என்பதற்கு 'வி லெய்ட் ஹிம் ஆன் ஹிஸ் சைட்'. கிடந்திருக்கிறார் என்பதற்கு 'லெய்ன்'. வாயில் நுழையாவிட்டால் வாக்கியத்தையே மாற்றிவிடு, குற்றமில்லை. ஆனால் 'ஹி லைட் (lied) ஆன் தி பெட்' என்று மட்டும் எழுதிவிடாதே. கட்டிலில் இருந்துகொண்டு அவர் பொய் சொன்னார் என்று ஆகிவிடும்.

லீட்ஸில் உன்னோடு வேலை செய்கிறவர்கள் 'ஐ வாஸ் சாட்' (sat), 'ஹி வாஸ் ஸ்டுட்' (stood) என்று பேசுகிறார்களே, அது சரியா என்று கேட்டாய். இங்கிலாந்தின் வடக்குப் பகுதியில் அது ஊறிப்போன பேச்சு. அவர்கள் மண்ணின் மொழி, நாம் யார் குறை சொல்ல? நம் நெல்லைப் பேச்சை யாராவது திருத்த வந்தால் விடுவோமா? நீயும் தேநீர் வேளையில் அப்படியே பேசிக்கொள். குறிப்பேட்டில் மட்டும் 'ஹி வாஸ் சிட்டிங்' என்று எழுது. 'ஹி வாஸ் சாட் இன் தி சேர்' என்பதை இலக்கணப்படி படிக்கிறவர், யாரோ அவரைத் தூக்கி உட்காரவைத்ததாகப் பொருள் கொள்ளலாம். அவர் தானாக உட்கார்ந்தாரா, இருவர் பிடித்து உட்காரவைத்தீர்களா என்பது உங்கள் வேலையில் சின்ன விஷயமா?

குடிப்பதில் வரும் குழப்பம் வேறு மாதிரி. 'டிரிங்க், டிராங்க், டிரங்க்'. தண்ணீர்க் கணக்கு எழுதும்போது 'ஹி டிராங்க் 150 மில்லி' என்பது சரி. 'ஹி ஹாஸ் டிரங்க் 150 மில்லி' என்பதும் சரி. 'ஹாஸ்' இருக்கும் இடத்தில் 'வாஸ்' புகுந்தால் மனிதர் போதையில் இருந்தார். அந்த நாற்றத்துக்குப் பயந்துதான் பலர் 'ஹாஸ் டிராங்க்' என்று எழுதுகிறார்கள் என்று எனக்கு ஒரு எண்ணம். பயப்படாமல் 'டிரங்க்' என்றே எழுது. 'ரிங்', 'சிங்', 'ஸ்விம்', 'பிகின்' எல்லாம் இதே தாளத்தில் போகும். 'ஸ்டிங்', 'ஸ்விங்' மட்டும் நடுவில் வரும் ஆகாரத்தை விட்டுவிட்டு இரண்டு இடத்திலும் 'ஸ்டங்', 'ஸ்வங்' என்று நிற்கும்.

'டிட்' வந்த பிறகு 'வென்ட்' வருமா என்ற கேள்விக்கு நீயே விடை வைத்திருக்கிறாய். 'போனான்' என்று சொல்கிறவள், மறுக்கும்போது 'போகவில்லை' என்கிறாய், 'போனவில்லை' என்பதில்லை. 'டிட் நாட் கோ' அதேதான்.

சலைன் பையை மாட்டியதற்கு 'ஹங்'. 'ஹேங்ட்' தூக்குக் கயிற்றுக்கு உரியது. முன்பு இரண்டு தனி வினைகளாக இருந்தவை கலந்து ஒன்றானபோது, பழைய வடிவத்தை நீதிமன்றம் விடாமல் பிடித்துக்கொண்டது. நம் நாட்டில் 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 354-ஆம் பிரிவும் மரண தண்டனைக்கு அந்தச் சொல்லைத்தான் எழுதியது. மருத்துவமனைக்கு அது வேண்டவே வேண்டாம்.

'பர்ன்ட்' என்பதற்கு burnt, burned என்று இரண்டு எழுத்துக்கூட்டல் இருப்பதைக் கேட்டாய், ஒன்று 'டி'யில் (t) முடிவது, மற்றது 'இடி'யில் (ed). இரண்டும் சரி. அங்கே 'டி' அதிகம் புழங்கும், அமெரிக்காவில் 'இடி'. ஒரே குறிப்பில் இரண்டையும் கலக்காதே, அவ்வளவுதான். உன் அறைத்தோழி சொல்லும் 'காட்டன்' (gotten) பருத்தி அல்ல, 'கெட்' என்பதன் பழைய வடிவம். இங்கிலாந்தில் இருந்ததுதான்; கப்பலேறி அமெரிக்கா போய் அங்கே தங்கிவிட்டது. நீ 'காட்' (got) என்றே எழுது.

நோயாளியின் பெயரும் விவரமும் இல்லாமல், நீயாகக் கற்பனை செய்து ஐந்தாறு வரிக் குறிப்பு ஒன்று எழுதி அனுப்பு. திருத்தித் தருகிறேன். விடுமுறை நாளில் எழுது, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே.

அன்புடன்,
அம்மா