இளவரசி முதலில் கேட்டது

ஈப்போ

அன்புள்ள மகளுக்கு,

அம்மா நலம். உங்கள் மின்தூக்கியில் ஒரு மூதாட்டி முணுமுணுத்ததாக நீ பதிவு செய்து அனுப்பிய பாட்டை முதல் வரியிலேயே கண்டுகொண்டேன். உதிரும் பூக்கள் வானை நிறைத்து நிலவொளியை மறைப்பதாகத் தொடங்கும் அது, 1959இல் வெளிவந்த 'டை நுய் ஃபா' என்ற கண்டோனீஸ் இசைப்படத்தின் இறுதிக் காட்சிக்குரியது.

சிறுமியாக இருந்தபோது அந்தப் படத்துக்கு என்னை அழைத்துப் போனவர் பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி ஆ போ. படம் முழுவதும் எனக்கு அசாம் போய் என்னும் புளிப்பு உலர்பழத்தை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர், இந்தப் பாட்டு வந்ததும் கையிலிருந்த ஒன்றை அப்படியே பிடித்தபடி அழுதார். அவர் அழுவதைப் பார்த்து நானும் அழுதேன்.

படத்தின் கதை இது: 1644இல் சீனாவின் மிங் பேரரசு வீழ்கிறது. மகள் பகைவர் கையில் சிக்கக் கூடாதென்று பேரரசரே அவளை வாளால் வெட்டுகிறார். உயிர் பிழைத்தவள், இறந்துபோன ஒரு துறவியின் பெயரில் மடத்தில் ஒளிந்து வாழ்கிறாள். அவளுக்கென்று நிச்சயிக்கப்பட்டவன் அங்கே வந்து, பெயரைச் சொல்லாமலேயே அவளைப் பற்றி அவளிடமே கேட்கிறான். அவள் மறுக்க, அவன் விடாமல் கேட்க, கேள்வியும் பதிலும் பாட்டாகவே நீளும் அந்தக் காட்சிதான் எனக்குப் படத்திலேயே மிகவும் பிடித்தது. நாயகனாக நடித்த யாம் கிம் ஃபாய் ஒரு பெண். 1935இல் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்ததைப் பற்றி உன் தாத்தா சொல்லிக் கேட்டிருந்ததால், எனக்கு அது விந்தையாகப் படவில்லை. இளவரசியாக வரும் பாக் சுட் சின்னும் அவரும் ஒருவரையொருவர் பார்க்கும் பார்வையில் நடிப்பே தெரியாது.

கதையின் முடிவில் இளவரசியும் அவள் மணாளனும் காதலுக்காக நஞ்சருந்தினார்கள் என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். உன் அப்பா தவறிய ஆண்டில் மறுபடி பார்த்தபோதுதான் இளவரசி முதலில் என்ன கேட்டாள் என்பது மனத்தில் பதிந்தது. புதிய சிங் அரசிடம் அவள் கேட்டவை, தந்தையின் உடலுக்கு முறையான அடக்கமும் தம்பியின் விடுதலையும். அவை நிறைவேறிய பிறகே, முதன்முதலில் உறுதிமொழி பகர்ந்த அதே மரத்தடியில் மணக்கோலத்தில் நிற்கிறார்கள். உண்மை வரலாற்றில் அந்த இளவரசி மணமாகிச் சிறிது காலத்திலேயே நோயுற்று இறந்தாள். படத்துக்கு மூலமான மேடை நாடகம் அவளுக்கு வேறொரு முடிவைத் தந்தது.

அந்த நாடகத்தை எழுதிய டோங் டிக் சாங்கை நீ அறிந்திருக்க வேண்டும். பிபா என்னும் நரம்புக் கருவிக்குரிய பழைய மெட்டொன்றுக்கு இந்தப் பாட்டின் வரிகளை எழுதியவர் அவரே. நாடகம் 1957இல் ஹாங்காங்கின் காஸ்வே பேயிலிருந்த லீ தியேட்டரில் அரங்கேறியது. 1959 செப்டம்பரில், அதே அரங்கில் தம்முடைய இன்னொரு நாடகத்தின் முதல் காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மயங்கி விழுந்தவர், மறுநாள் காலமானார். அவருக்கு வயது 42தான். 1991இல் அரங்கையும் இடித்துவிட்டார்கள். லீ தியேட்டர் பிளாசா என்று நீ சொல்லும் கட்டடம் நிற்பது அந்த இடத்தில்தான். அடுத்த முறை அங்கே போகும்போது சற்று நேரம் நின்று பார், அம்மா.

அந்த மூதாட்டி பாடியவை இளவரசியின் வரிகள் மட்டுமே. அடுத்து வருபவை கணவனின் வரிகள். அவற்றை நான் மறந்துவிட்டேன். மீண்டும் அவரைக் கண்டால், என் வணக்கத்தைச் சொல்லி, அவற்றையும் பாடச் சொல்லிப் பதிவு செய்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா