முதல் நாளையும் எடை போடுங்கள்: கறிக்கோழி நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

கறிக்கோழி ஒப்பந்த நிறுவனங்களின் மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு,

வணக்கம். உடுமலைப்பேட்டைக்கு அருகே 5,000 கோழிகள் கொள்ளும் கொட்டகையில் பதினொரு ஆண்டுகளாக ஒப்பந்த முறையில் கறிக்கோழி வளர்த்து வருகிறேன். கோழி பிடிக்கும் நாளில் எடையையும், தின்ற தீவனத்தையும், இறப்பையும் வைத்து எங்கள் வளர்ப்புக் கூலியைக் கணக்கிடுகிறீர்கள். அந்தக் கணக்கில் முதல் நாளுக்கு இடமே இல்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

கடந்த கார்த்திகையில் உங்கள் பொரிப்பகத்திலிருந்து ஒரு பேட்ச் குஞ்சுகள் இரவு பதினொன்றரை மணிக்கு வந்து இறங்கின. பெட்டியைத் திறந்தபோது வழக்கமான கீச்சொலி இல்லை. கால் தோல் வறண்டு நரம்பு தெரிந்தது. ஒரு குஞ்சின் பாதத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. கூளத்தை முன்கூட்டியே சூடாக்கி, குஞ்சுகளுக்குச் சூடு தரும் புரூடரை 33 டிகிரி செல்சியசில் நிறுத்தி, வெல்லத் தண்ணீர் வைத்து, காகிதத்தில் தீவனம் பரப்பியிருந்தோம். நல்ல குஞ்சு இறக்கிவிட்ட சில நிமிடங்களிலேயே கொத்தத் தொடங்கும். அலகு காகிதத்தில் படும் சத்தம் கேட்டு மற்றவையும் ஓடிவரும். இவற்றில் பல, கண்ணை மூடிக்கொண்டு விளக்கடியில் ஒண்டின. சோர்ந்தவற்றின் அலகை நீரில் நனைத்துவிட்டே நானும் மனைவியும் விடியும் வரை உட்கார்ந்திருந்தோம்.

இறக்கி 24 மணி நேரம் ஆனதும் நூறு குஞ்சுகளின் தீனிப்பையை, அதாவது தின்றது முதலில் தங்கும் கழுத்தடிப் பையை, தொட்டுப் பார்த்தேன். தொண்ணூற்றைந்திலாவது கூழ்போல மெத்தென்று இரை நிரம்பியிருக்க வேண்டும், எழுபத்தொன்றில்தான் இருந்தது. நாற்பது கிராம் குஞ்சு ஏழாம் நாளில் நான்கு மடங்குக்கு மேல் எடை ஏறியிருக்க வேண்டும். சராசரி 138 கிராமைத் தாண்டவில்லை. பிடிக்கும் நாளில் கொட்டகை முழுக்கப் பெரிதும் சிறிதுமாய் நின்றன. கூலி பிடித்தம் எங்கள் தலையில் விழுந்தது.

பொரிப்பகத்தில் நடப்பதை நீங்கள் அறிவீர்கள். 21 நாள் அடைகாப்பில் எல்லா முட்டையும் ஒரே மணியில் பொரிவதில்லை. முதல் குஞ்சுக்கும் கடைசிக் குஞ்சுக்கும் ஒரு நாளுக்கு மேலும் இடைவெளி இருக்கும். எல்லாவற்றையும் ஒன்றாக எடுத்து, தரம் பிரித்து, தடுப்பூசி போட்டு வண்டியேற்றும்போது, முதலில் பொரிந்தது நெடுநேரம் நீரின்றிக் கிடந்திருக்கும். வயிற்றிலுள்ள மஞ்சள் கரு இரண்டு மூன்று நாள் உயிரைத் தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் முதல் வாரத்தில் உடலைவிட வேகமாக வளர வேண்டியது குடல்; இரை உள்ளே இறங்கினால்தான் அந்தக் கரு விரைவாகக் கரைந்து குடலும் ஓங்குகிறது. அப்போது பின்தங்கிய குஞ்சு 35ஆம் நாளிலும் பெரும்பாலும் பின்தங்கியே நிற்கிறது. உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளும் திறன் வருமுன் குளிரில் வாடிய குஞ்சுக்குப் பின்னாளில் வயிற்றில் நீர் கோர்க்கும் நோயும் எளிதில் வருகிறது.

எங்கள் பக்கத்திலும் குறை உண்டு. கொட்டகையின் பக்கவாட்டுப் படுதாவைச் சரியாகக் கட்டாமலும், புரூடரைத் தாமதமாக ஏற்றியும் நல்ல குஞ்சுகளைக் கெடுத்த பண்ணைகள் இருக்கின்றன. அப்படிப்பட்ட தவறும் பதிவாகட்டும் என்றே கேட்கிறேன்.

நெதர்லாந்தில் சில பண்ணைகளில் 18ஆம் நாள் முட்டையையே கொட்டகைக்குக் கொண்டுவந்து பொரிக்க விடுகிறார்கள். அந்த அளவு முதலீட்டை நான் கேட்கவில்லை. குஞ்சுகளைப் பொரிப்பானிலிருந்து எடுத்த நேரத்தையும் வண்டி புறப்பட்ட நேரத்தையும் ரசீதில் எழுதுங்கள். இறக்கும்போதும் ஏழாம் நாளிலும் உங்கள் சூப்பர்வைசரும் பண்ணையாளரும் சேர்ந்து எடை போட்டு, முதல் நாள் தீனிப்பையையும் பார்த்து, இருவரும் கையெழுத்திட வேண்டும். கூலியைக் கணக்கிடும்போது அந்தத் தாளையும் பக்கத்தில் வையுங்கள். தை மாதம் எங்களுக்கு அடுத்த பேட்ச் வருகிறது. அந்த ரசீதிலிருந்தே இதைத் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உடுமலை வட்டாரக் கறிக்கோழிப் பண்ணையாளர் ஒருவர்