பட்டிப்பளை ஆற்றை யார் கண்ணால் படிப்பிப்பது?

கிழக்கு மாகாணப் பாடசாலைகளில் வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும், தாழங்குடா, அட்டாளைச்சேனை தேசிய கல்வியியற் கல்லூரிகளில் நாளைய ஆசிரியர்களை உருவாக்கும் விரிவுரையாளர்களுக்கும்,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கும் மாணவி. சொந்த ஊர் நாவிதன்வெளி. என் வேண்டுகோளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் ஒவ்வொரு பிள்ளையும் சாதாரண தரப் பரீட்சை எழுதுவதற்கு முன், தன் மண்ணில் நடந்த ஒரு நிகழ்வையாவது வெவ்வேறு இடங்களில் நின்று பார்த்த மூன்று பேரின் வாய்மொழியாகக் கேட்டிருக்க வேண்டும். அதற்கு வழி செய்யுங்கள். நாங்கள் பட்டிப்பளை ஆறு என்றும் சிங்களத்தில் கல்லோயா என்றும் சொல்லும் ஆற்றை அணை கட்டி மறித்த கல்லோயாத் திட்டத்திலிருந்து தொடங்கலாம் என்பது என் எண்ணம். ஏன் என்பதைத்தான் இந்த மடலில் எழுதுகிறேன்.

எங்கள் வயல் கல்லோயா இடதுகரை வாய்க்காலின் கடைமடையில் இருக்கிறது. சிறுபோகத்தில் தண்ணீர் வருமா வராதா என்பதுதான் எங்கள் வீட்டில் எல்லாப் பேச்சுக்கும் அடியில் ஓடும் பேச்சு. அம்மப்பாவைப் பொறுத்தவரை கல்லோயா என்றால் இழப்பு. 1949இல் திட்டம் தொடங்கியது, மேலே குடியேற்றங்கள் வந்தன, 1961இல் மட்டக்களப்பு மாவட்டத்தை வெட்டி அம்பாறை மாவட்டம் ஆக்கினார்கள், அன்றிலிருந்து எங்கள் காரியங்கள் எல்லாம் இன்னொருவர் மேசைக்குப் போயின. அவர் இதை இந்த வரிசையில்தான் சொல்வார், ஒரு சொல் மாறாது. 1956 ஜூன் மாதத்துக்கு வரும்போது மட்டும் குரல் மாறும். தனிச் சிங்களச் சட்டத்தின்போது கல்லோயாப் பள்ளத்தாக்கில் மூண்ட வன்முறையில், அம்பாறைப் பக்கம் வேலைக்குப் போயிருந்த அவருடைய சித்தப்பா திரும்பி வரவில்லை.

பாடசாலையில் நான் எழுதிய குறிப்பில் வேறொரு கல்லோயா இருந்தது. சுதந்திரத்துக்குப் பின் நாடு தொடங்கிய முதலாவது பெரிய பல்நோக்குத் திட்டம், இங்கினியாகலையில் அணை, முதற் பிரதமரின் பெயரில் சேனாநாயக்க சமுத்திரம், நீர்ப்பாசனம், மின்சாரம், வெள்ளத் தடுப்பு. எல்லாம் உண்மை. வீட்டில் கேட்டதும் உண்மை. ஆனால் இரண்டும் ஒரே ஆற்றைப் பற்றியவை என்று வகுப்பில் ஒருவரும் சேர்த்துப் பேசவில்லை. பிள்ளைகளும் கேட்கவில்லை. பரீட்சைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று இரண்டு வரலாறுகளைச் சுமந்துகொண்டுதான் எங்கள் தலைமுறை பள்ளிக்கூடம் முடித்தது.

பல்கலைக்கழகத்தில் வாய்மொழி வரலாறு ஒன்றைத் தொகுக்கும் ஒப்படை கிடைத்தது. விவசாய பீடத்தில் படிக்கும் தோழி ஒருத்தி கல்லோயாக் குடியேற்றப் பகுதியான உகணையைச் சேர்ந்த சிங்களப் பெண். அவளுடைய சீயாவிடம், அதாவது தாத்தாவிடம், பேச அழைத்துப் போனாள். நான் தமிழில் கேட்க அவள் சிங்களத்தில் கேட்டாள். அவர் சொல்வதை அவளே தமிழில் சொன்னாள். ஐம்பதுகளின் தொடக்கத்தில் கேகாலைப் பக்கமிருந்து பெற்றோருடன் வந்த சிறுவன் அவர். அங்கே அவர்களுக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் இல்லை. இங்கே நிலம் கிடைத்தது, கூடவே யானையும் காய்ச்சலும் கிடைத்தன. வந்த முதல் ஆண்டிலேயே தங்கை இறந்தாள். அரசாங்கம் எந்த வரைபடத்தில் எந்தக் கோட்டைப் போட்டது, அந்தக் கோடு யாரைச் சிறுபான்மையாக்கியது என்பதெல்லாம் அவருடைய தகப்பனுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. அவர் கண்டது காணி உறுதியும் வெட்டி முடியாத காடும்தான்.

1956 பற்றி நான் கேட்கத் தயங்கினேன். அவராகவே சொன்னார். கீழேயிருந்து தமிழர் படையொன்று ஆயுதங்களோடு வருகிறது என்று செய்தி பரவியதாம். தாய் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு காட்டுக்குள் ஓடினாளாம். அப்படி ஒரு படை வரவே இல்லை. அந்த வதந்தியை நம்பியவர்களும் நம்பியதாகச் சொல்லிக்கொண்டவர்களும் செய்ததில்தான் என் அம்மப்பாவின் சித்தப்பா போனார்.

இந்த இடத்தில் நான் கற்றுக்கொண்டதை ஆசிரியர்களுக்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அந்தச் சிறுவன் பயந்தது உண்மை. அவன் பயந்த செய்தி பொய். இந்த இரண்டு வாக்கியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதத் தெரிந்த பிள்ளைதான் வரலாறு படித்த பிள்ளை. முதல் வாக்கியத்தை மட்டும் எழுதினால் கொலைக்குச் சாக்குச் சொல்வதாகிவிடும். இரண்டாவதை மட்டும் எழுதினால், நாளைக்கு இன்னொரு வதந்தி வரும்போது அது எப்படி வேலை செய்யும் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாமலே போகும். கைத்தொலைபேசியில் வதந்தி பரவுகிற இந்தக் காலத்தில் அது சின்ன விடயமா?

பிறகு சம்மாந்துறைக்குப் போனோம். அங்கே வயதான வயற்காரர் ஒருவர் எங்களை உட்கார வைத்துக் கேட்ட முதற் கேள்வி, "நீ எந்தக் குடி, மகள்?" என்பது. நான் சொன்னதும் தன் குடியைச் சொன்னார். எங்கள் பகுதியில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் தாய்வழியாக வரும் குடி உண்டு, பெண்ணுக்கு வீடு கொடுக்கும் வழக்கமும் இரு பக்கமும் உண்டு என்பதை நான் புத்தகத்தில் வாசித்திருந்தேன். ஒரு முதியவர் அதைச் சாதாரணமாகக் கேட்டு, என்னை ஓர் இடத்தில் இருத்தி, அதன் பிறகு பேசத் தொடங்கியது எனக்குப் பெரிய மகிழ்ச்சியாக இருந்தது. அவருடைய கல்லோயா எங்கள் வீட்டுக் கல்லோயாவும் இல்லை, உகணைக் கல்லோயாவும் இல்லை. அணை வருவதற்கு முன்பே அவர்களுக்கு வட்டைகள் என்ற வயல்வெளிகள் இருந்தன, அவற்றின் தண்ணீர்ப் பங்கீட்டைப் பார்க்கும் வட்டவிதானை இருந்தார், ஆற்று வெள்ளத்தையும் குளத்தையும் நம்பி வேளாண்மை செய்தார்கள். அணை வெள்ளத்தை அடக்கியது, இரண்டாம் போகமும் செய்ய முடிந்தது. அதை அவர் நன்றியோடு சொன்னார். அதே மூச்சில், தண்ணீர் திறக்கும் முடிவு ஊர்க்காரர் கையிலிருந்து எங்கேயோ உள்ள அலுவலகத்துக்குப் போனதையும் சொன்னார். ஒரே மனிதர் ஒரே திட்டத்தைப் பற்றி இரண்டு விதமாக உணரலாம் என்பதற்கு எங்கள் பாடத்தில் இடமே இல்லை. நன்மைகளை ஒரு பக்கமும் தீமைகளை ஒரு பக்கமும் எழுதி நடுவில் கோடு போடச் சொல்கிறோம். மனிதர் அப்படிப் பிரிந்து நிற்பதில்லை.

எங்கள் தொகுப்பில் கிடைக்காத குரல் ஒன்று உண்டு. சேனாநாயக்க சமுத்திரம் நிரம்பியபோது அங்கு வாழ்ந்த வேடர்களின் வேட்டைக் காடுகள் நீருக்குள் போயின. அவர்களுடைய பேரப்பிள்ளைகளை எங்களால் சந்திக்க முடியவில்லை. வாகரைப் பக்கம் தமிழ் பேசும் கரையோர வேடர்கள் இருக்கிறார்கள் என்பதையே எங்கள் வகுப்பில் பலர் கேள்விப்பட்டதில்லை. யாருடைய பேச்சு பதிவாகவில்லை என்பதையும் பிள்ளைகள் குறித்துவைக்கப் பழக வேண்டும்.

இனி, எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிற பகுதி. எழுபதுகளின் கடைசியில் இடதுகரை வாய்க்கால்கள் சிதைந்து, கடைமடைக்குத் தண்ணீர் வருவதே அரிதாகிவிட்டது. தலைமடையில் பெரும்பாலும் சிங்கள விவசாயிகள். கடைமடையில் தமிழ் விவசாயிகள் பலர். சண்டைக்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை. 1981 தொடக்கம், கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவகமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திய திட்டமொன்றில், இளம் பட்டதாரிகள் விவசாயிகளுடன் போய்த் தங்கினார்கள். அவர்கள் விரிவுரை செய்யவில்லை. வயல் வயலாகப் போய், என்ன சிக்கல் என்று கேட்டார்கள், வாய்க்காலை ஒட்டியிருந்தவர்களைச் சிறு குழுக்களாகக் கூட்டினார்கள். தலைமடை விவசாயிகள் சிரமதானமாக வாய்க்கால்களைத் துப்புரவு செய்தார்கள், முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சினார்கள், மிச்சம் பிடித்ததைக் கீழே அனுப்பினார்கள். நீர்த்தேக்கத்தில் தண்ணீர் குறைவாக இருந்த பருவத்திலேயே இது நடந்தது. நாட்டின் பிற பகுதிகள் இன வன்முறையை நோக்கிச் சரிந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

ஒரு விவசாயி தன் வரம்பை விட்டு இறங்கி, வாய்க்கால் ஓரமாகக் கடைசிவரை நடந்து, வெடித்துக் கிடக்கும் வயலைக் கண்ணால் பார்க்கிறார். அன்றிரவு அவர் மடையைத் திறந்துவைத்துவிட்டுத் தூங்குவது கடினம். மற்றவர் நிலையில் நின்று பார்ப்பது என்று சொல்கிறோமே, அது இதுதான், கால் நடக்க வேண்டிய வேலை. உலகத்தின் நீர்முகாமை ஆய்வாளர்கள் இந்த அனுபவத்தைப் பாடமாகப் படிக்கிறார்கள். எங்கள் வாய்க்காலில் நடந்ததை எங்கள் பாடசாலையில் எனக்கு யாரும் சொல்லவில்லை. என் அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. "அந்த நேரம் மேலேயிருந்து தண்ணீர் விட்டார்கள்" என்று மட்டும் சொல்வார், யார் விட்டார்கள், ஏன் விட்டார்கள் என்று சொல்ல மாட்டார். இழப்பின் கதையை நாங்கள் விவரமாகக் கையளித்திருக்கிறோம். இதைக் கையளிக்க மறந்துவிட்டோம்.

ஆசிரியர் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசியபோது, "அப்படியென்றால் எல்லாப் பக்கமும் சரி என்று படிப்பிக்கச் சொல்கிறாயா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. என் பதில், இல்லை என்பதுதான். 1990 ஆகஸ்ட் 12ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த விடியலுக்குள் ஏறாவூரில் பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் கொன்றார்கள். அதே நாளில் வீரமுனையில் கோயிலில் தஞ்சமடைந்திருந்த தமிழர்களை ஊர்காவற் படையினர் கொன்றார்கள். ஏறாவூரில் பிறந்த பிள்ளைக்கு அந்தத் திகதி என்றால் ஏறாவூர். வீரமுனைப் பிள்ளைக்கு வீரமுனை. இரண்டு பிள்ளைகளும் ஒரே நாளில் துக்கம் காக்கிறார்கள், ஒருவருக்கு மற்றவரின் துக்கம் தெரியாது. கொன்றவர் யார் என்பதை மறைக்கவோ, ஒன்றைக் காட்டி மற்றதைச் சமன் செய்யவோ நான் கேட்கவில்லை. இரண்டையும் இரண்டு பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள் என்று கேட்கிறேன். பதினாறு வயதுப் பிள்ளையால் அதைத் தாங்க முடியும். வீட்டில் பாதியை ஏற்கெனவே தாங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

தடைகள் எனக்குத் தெரியாதவை அல்ல. எங்கள் கல்வி நிர்வாகமே பிரிவாக வரையப்பட்டிருக்கிறது. காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி என்று ஒன்றோடொன்று ஒட்டாத ஊர்களின் முஸ்லிம் பாடசாலைகள் மட்டக்களப்பு மத்தி வலயத்தில் இருக்கின்றன. ஆரையம்பதிப் பாடசாலைகளும் அடுத்த ஊரான காத்தான்குடிப் பாடசாலைகளும் வேறு வேறு வலயம். அம்பாறை மாவட்டத்தில் சிங்கள மொழிப் பாடசாலைகளோடு எங்களுக்கு விளையாட்டுப் போட்டியைத் தவிர வேறு தொடர்பு குறைவு. வலய எல்லைகளை நீங்கள் மாற்ற முடியாது. ஆனால் பாடவேளை உங்கள் கையில் இருக்கிறது. ஒரு தவணையில் ஒரு கிழமையை ஒதுக்கி, பிள்ளைகளைத் தங்கள் வீட்டு முதியவரிடம் கல்லோயாவைப் பற்றிக் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். அந்தக் கட்டுரைகளை அடுத்த வலயப் பாடசாலை ஒன்றுக்கு அனுப்பி, அவர்களுடையதை வாங்கி வாசியுங்கள். பஸ் வேண்டாம், நிதி வேண்டாம், அனுமதிக் கடிதம் கூடப் பெரிதாகத் தேவைப்படாது. தவணைப் பரீட்சை வினாத்தாளை நீங்களே தயாரிக்கும்போது, "நன்மைகள் ஐந்து தருக" என்ற கேள்விக்குப் பக்கத்தில், ஒரு குடியேற்றவாசியின் கூற்றையும் ஒரு கடைமடை விவசாயியின் கூற்றையும் கொடுத்து, இவர்கள் ஏன் வேறு வேறாகச் சொல்கிறார்கள் என்று ஒரு கேள்வி கேளுங்கள். புள்ளித்திட்டத்தில் அதற்கு இடம் இருந்தால் பிள்ளைகள் அதைப் படிப்பார்கள். இல்லாவிட்டால் படிக்க மாட்டார்கள். அவ்வளவுதான்.

கல்வியியற் கல்லூரி விரிவுரையாளர்களிடம் கூடுதலாகக் கேட்கிறேன். தாழங்குடாவிலும் அட்டாளைச்சேனையிலும் வரலாறு கற்பிக்கப் பயிலும் ஆசிரிய மாணவர்கள் இறுதி ஆண்டுக்கு முன் ஒரு முறையாவது ஒன்றாக உட்கார்ந்து ஒரே பாடத்துக்குக் குறிப்புத் தயாரிக்க வேண்டும். ஒரே அறையில் இருந்து எழுதும்போது எந்தச் சொல்லில் மற்றவர் நிமிர்ந்து பார்க்கிறார் என்பது தெரியும். அது எந்தக் கைநூலிலும் கிடைக்காது.

பெற்றோர் முறைப்பாடு செய்வார்கள் என்று சில ஆசிரியர்கள் பயப்படுவதையும் நான் அறிவேன். என் அம்மப்பாவும் நான் உகணைக்குப் போனதை விரும்பவில்லை. ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டியபோது, காட்டுக்குள் ஓடிய கதை வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார். சிறிது நேரம் கழித்து, தங்கைக்கு என்ன காய்ச்சல் என்று கேட்டார். அவர் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. நானும் அதை எதிர்பார்க்கவில்லை, அவர் இழந்ததை அவர்தான் அறிவார். ஆனால் கேள்வி கேட்டார்.

நாங்கள் பதிவுசெய்த உரையாடல்களை, பேசியவர்களின் ஒப்புதலோடும் பெயர்களை நீக்கியும், வகுப்பில் பயன்படுத்தத்தக்க சிறு பகுதிகளாகப் பிரித்து எழுதிவருகிறோம். வேண்டிய ஆசிரியர்கள் வந்தாறுமூலையில் எங்கள் துறையின் ஊடாகப் பெற்றுக்கொள்ளலாம். சிங்கள உரைகளைத் தமிழாக்கும் வேலையைத் தோழி பார்க்கிறாள். தமிழ் உரைகளைச் சிங்களத்துக்குக் கொண்டுபோக இன்னும் ஆள் தேவை. உங்கள் பாடசாலையில் இரு மொழியும் தெரிந்த ஆசிரியர் ஒருவர் இருந்தால் தயவுசெய்து அறிமுகப்படுத்துங்கள்.

அன்புடன்,
வரலாற்று மாணவி ஒருத்தி,
நாவிதன்வெளி.