சென்னைத் தொலைக்காட்சிக்கு ஒரு திறந்த மடல்: நிகழ்ச்சிகளுக்கு நடுவே வந்ததையும் காப்பாற்றுங்கள்

சுவாமி சிவானந்தா சாலை தொலைக்காட்சி நிலையத்தின் அதிகாரிகளுக்கும் பிரசார் பாரதி ஆவணக் காப்பகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கும் வணக்கம்.

கேட்க வந்தது ஒரே விஷயம்தான். 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பு தொடங்கியதிலிருந்து இன்றுவரை உங்கள் திரையில் வந்துபோன நிலையச் சின்னங்கள், தொடக்க இசையோடு வந்த அசைவுப் படங்கள், நிகழ்ச்சிப் பெயர் எழுதிய அட்டைகள், "தடங்கலுக்கு வருந்துகிறோம்" அட்டை, ஒளிபரப்பு முடிந்ததும் வந்த வண்ணப் பட்டைகள், அப்புறம் திரை மூலையில் நின்ற டிடி-5, பொதிகை (இன்றைய டிடி தமிழ் சேனலின் பழைய பெயர்கள்) லோகோக்கள் என்று எல்லாவற்றையும் தேடியெடுங்கள். ஆண்டு போட்டு, செய்தவர் பெயர் போட்டு, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் வையுங்கள். நிலையம் ஐம்பது வயதைத் தாண்டிவிட்டது, இனியும் தள்ளிப்போட்டால் செய்தவர்களிடம் கேட்டுக்கொள்ள வழி இருக்காது.

பழைய நாடகங்களையும் கச்சேரிகளையும் பேட்டிகளையும் காப்பகம் யூடியூபில் வெளியிட்டு வருகிறது, அதற்கு மனமார்ந்த நன்றி. ஆனால் ஒரு நிலையத்தின் முகம் நிகழ்ச்சியில் மட்டும் இல்லை. இரண்டு நிகழ்ச்சிகளுக்கு இடையே வரும் அந்தப் பத்து இருபது நொடிகளில்தான் நிலையம் தன் பெயரைத் தானே சொல்லிக்கொள்கிறது. அதை யாரும் நிகழ்ச்சி என்று கணக்கில் எடுத்துக்கொள்ளாததால் பதிவேட்டில் ஏறுவதில்லை, பதிவேட்டில் ஏறாததை நாடா தட்டுப்பாடு வரும்போது முதலில் அழிப்பார்கள். இது உங்கள் நிலையத்துக்கு மட்டும் உள்ள குறை இல்லை, உலகம் முழுக்கத் தொலைக்காட்சிகளில் இப்படித்தான் நடந்திருக்கிறது.

தூர்தர்ஷனின் கண் சின்னத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதை வரைந்தவர் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அப்போது மாணவராக இருந்த தேவாசிஷ் பட்டாச்சார்யா. அதோடு வரும் இசையை அமைத்தவர்கள் பண்டிட் ரவிசங்கரும் ஷெனாய் கலைஞர் உஸ்தாத் அலி அகமது உசேன் கானும். இரண்டு வளைவுகள் சுழன்று வந்து கண்ணாகக் கூடுகிற அந்தக் காட்சியை இன்றைக்கும் ஒரு தலைமுறை மறக்கவில்லை. யார் செய்தது, எங்கே செய்தது என்று நம்மால் சொல்ல முடிகிறதென்றால் அந்த விவரத்தை யாரோ பொறுப்பாக எழுதி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சென்னையில் செய்தவற்றுக்கும் அந்த மரியாதை வேண்டும்.

இதில் என்னை விடாமல் யோசிக்க வைக்கிற ஒரு கேள்வி உண்டு. தூர்தர்ஷன் அகில இந்திய வானொலியிலிருந்து பிரிந்து தனி அமைப்பானது 1976 ஏப்ரல் 1 அன்று, அந்தக் கண்ணும் இசையும் திரைக்கு வந்ததும் அப்போதுதான். சென்னை நிலையமோ அதற்கு ஏழு மாதங்களுக்கு முன்பே ஒளிபரப்பத் தொடங்கிவிட்டது! அப்படியென்றால் அந்த ஏழு மாதமும் மாலையில் பெட்டியைப் போட்டவர்களுக்கு முதலில் தெரிந்தது என்ன? எந்தப் படம், எந்த இசை, எந்த எழுத்து? ஓர் அட்டையின் புகைப்படம் கிடைத்தாலே போதும், தமிழ்த் தொலைக்காட்சியின் முதல் முகம் அதுதான்.

எழுத்து என்றதும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணை போட்டது, ணா, றா, னா வரிசையும் ணை, லை, ளை, னை என்கிற எழுத்துகளும் இன்றைய வடிவத்துக்கு வந்தன. இப்போது "சென்னைத் தொலைக்காட்சி நிலையம்" என்று எழுதிப் பாருங்கள். ஒரு னை, இரண்டு லை. உங்கள் பெயரிலேயே மூன்று இடங்களில் அந்த மாற்றம் உட்கார்ந்திருக்கிறது. 1975இல் அந்தப் பெயரை அட்டையில் எழுதியவர் தும்பிக்கை மாதிரிக் கொம்பு வைத்த பழைய லையை எழுதியிருக்க வேண்டும், பிறகு ஏதோ ஒரு நாளில் அட்டை மாறியிருக்க வேண்டும். ஆணை மாநில அரசினுடையது, நிலையம் மத்திய அரசினுடையது, ஆகவே உடனே மாறியதா, வருடக்கணக்கில் இரண்டும் கலந்து வந்ததா என்பதை அந்த அட்டைகளை வரிசையாக அடுக்கினால்தான் சொல்ல முடியும். வீட்டில் உட்கார்ந்து பார்த்த சாதாரண மனிதர்களுக்குப் புதிய எழுத்து எப்படிப் பழகியது என்று ஆராய விரும்பும் மாணவருக்கு இதைவிட நல்ல சான்று எங்கே கிடைக்கும்?

செய்தி வாசித்த ஷோபனா ரவியையும் வரதராஜனையும் ஃபாத்திமா பாபுவையும் நாம் நன்றாக நினைவு வைத்திருக்கிறோம். அவர்கள் முகம் வருவதற்கு ஒரு நொடி முன்னால் வந்த "செய்திகள்" என்ற எழுத்தை வரைந்தவரை நமக்குத் தெரியாது. தூரிகையும் அளவுகோலும் வைத்துக் கையால் எழுதிய காலம் அது, கணினி எழுத்து பிறகு வந்தது. "ஒளியும் ஒலியும்", "வயலும் வாழ்வும்", "எதிரொலி" என்று ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் ஒரு தனிக் குணம் இருந்தது. அவற்றைச் செய்த ஓவியர்களில் சிலராவது இன்றும் நம்மோடு இருப்பார்கள். ஓய்வுபெற்ற ஊழியர்களின் பட்டியல் உங்கள் அலுவலகத்தில்தான் இருக்கும், வெளியிலிருந்து நாங்கள் தேடினால் கிடைக்காது. தயவுசெய்து அவர்களை அழைத்து உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசச் சொல்லிப் பதிவு செய்யுங்கள்.

மூலை லோகோவைப் பற்றியும் சொல்கிறேன், பலருக்கு அது திரையைக் கெடுக்கிற ஒட்டு மாதிரித்தான் தெரிகிறது. ஒரே நிலையம் மட்டும் தெரிந்த காலத்தில் அதற்குத் தேவை இருக்கவில்லை. 1993இல் சன் டிவி வந்தது, அடுத்தடுத்து மற்ற தனியார் சேனல்கள் வந்தன, ரிமோட்டை அழுத்திக்கொண்டே போகிறவருக்கு இது எந்தச் சேனல் என்று ஒரே பார்வையில் சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் பழைய பதிவுகளைச் சேகரிக்கிற எங்களுக்கு அந்தச் சின்னம் வேறொரு காரணத்துக்காக முக்கியம், அது தேதி முத்திரை. ஒரு கச்சேரித் துண்டு கிடைக்கிறது, எந்த வருடம் என்று எங்கும் எழுதவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மூலையில் பொதிகை என்று இருந்தால் அந்த ஒளிபரப்பு 2000 பொங்கலுக்கு முந்தியது இல்லை. டிடி தமிழ் என்று இருந்தால் 2024 ஜனவரி 19க்குப் பிந்தையது. நடுவில் இருக்கிற அந்த 24 ஆண்டுகளில் லோகோவின் வடிவம், நிறம், இடம் எப்போதெல்லாம் மாறியது என்று நீங்கள் ஒரு பட்டியல் வெளியிட்டால் தேதி தெரியாமல் கிடக்கிற எத்தனையோ பதிவுகளுக்கு ஆண்டு சொல்லிவிடலாம்.

பொதிகை என்ற பெயர் போனதில் எனக்கு வருத்தம் உண்டு, மறைக்க விரும்பவில்லை. தாமிரபரணி பிறக்கிற மலை, தமிழ் மரபு அகத்தியரோடு சேர்த்துப் பேசுகிற மலை, அதைவிடப் பொருத்தமான பெயர் ஒரு தமிழ் ஒளிபரப்புக்குக் கிடைப்பது கடினம். சரி, அந்த முடிவு எடுத்தாகிவிட்டது. பெயர் மாறலாம், அந்தப் பெயரோடு வந்த சின்னங்களும் இசையும் அதோடு காணாமல் போகக் கூடாது.

அதனால் இன்னொரு வேண்டுகோள். பழைய நிகழ்ச்சியை இணையத்தில் ஏற்றும்போது தொடக்கத்திலும் முடிவிலும் வருகிற அட்டைகளை வெட்டாதீர்கள். அப்போதைய லோகோ மேல் இப்போதைய லோகோவை ஒட்டாதீர்கள். உரிமையைக் காட்டச் சின்னம் வேண்டும் என்பது நியாயம்தான், அதைக் காலியாக இருக்கிற மூலையில் சின்னதாக வைத்தால் போதுமே. எந்தச் சின்னமும் புதிதாகப் பதியாத பிரதி ஒன்றாவது காப்பகத்துக்குள் பத்திரமாக இருக்கட்டும்.

உங்கள் கையில் இல்லாதவை எங்கள் வீடுகளில் இருக்க வாய்ப்பு உண்டு. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் விசிஆர் வைத்திருந்தவர்கள் படம் பதிவு செய்யும்போது நிறுத்த மறந்து, அடுத்து வந்த அறிவிப்பையும் சின்னத்தையும் சேர்த்தே பிடித்திருக்கிறார்கள். கல்யாண கேசட்டின் கடைசியில்கூட இப்படி இரண்டு நிமிடம் ஒட்டிக்கொண்டிருக்கும். கொடைக்கானல் ஒளிபரப்பு வரும்வரை இலங்கைத் தொலைக்காட்சியான ரூபவாஹினியைப் பார்த்துப் பழகிய தென்மாவட்டத்து வீடுகளில் இரண்டு நிலையங்களின் சின்னங்களும் ஒரே கேசட்டில் கிடைக்கலாம், யார் கண்டது! ஆனால் காந்த நாடா காத்திருக்காது. சென்னைக் கடற்கரை ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், பூச்சு உதிரும். ஓட்டிப் பார்க்கக் கருவியும் கிடைப்பதில்லை, விசிஆர் தயாரித்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபூனாய் 2016இலேயே நிறுத்திவிட்டது.

ஆகவே நிலையத்திலேயே ஓர் அறை ஒதுக்கி, ஓடுகிற நிலையில் இரண்டு விஎச்எஸ் கருவிகளையும் ஒரு தொழில்நுட்பரையும் வைத்து, மாதம் ஒரு சனிக்கிழமை மக்கள் கேசட் கொண்டுவரலாம் என்று உங்கள் திரையிலேயே அறிவியுங்கள். பிரதி எடுத்துக்கொண்டு கேசட்டை அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், கூடவே ஒரு எண்ணியப் பிரதியும் கொடுத்தால் கொண்டுவருகிறவர்கள் கூடுவார்கள். கொண்டுவருவதை வரிசைப்படுத்த, தேதி கண்டுபிடிக்க, எழுத்தைப் படித்துப் பதிவேட்டில் ஏற்ற எங்களைப் போன்றவர்கள் சம்பளம் இல்லாமல் வந்து உட்காரத் தயார். முதல் சனிக்கிழமை எது என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பழைய ஒளிபரப்புகளைச் சேகரித்துவரும் நேயர் ஒருவர்